பெயர் இதுவானால் தாண்டிப் போ

சனிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். உன் அம்மா தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் கிழமையைச் சொன்னேன்.

"ஏம்மா, லேப்ல இருந்து யாரோ புள்ள போன் பண்ணுச்சு. என் மகள மறுபடி ரத்தம் எடுக்க வரச் சொல்லுது. அவ போயி ஏழு மாசம் ஆச்சு. இப்ப எதுக்கும்மா கூப்பிடுறாங்க?"

என் மேசையில் ஒரு தாள் கிடக்கிறது. இரண்டு ஓரங்களிலும் துளை போட்டு, மடிப்பு மடிப்பாக அச்சுப்பொறியிலிருந்து இறங்கும் தாள். நாடா மையின் வாடை அதில் இன்னும் இருக்கிறது. உன் விரல்களில் எப்போதும் இருந்த வாடை. நாடா மாற்றிய கையோடு, மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் எடுத்துத் தின்பாய். கழுவிக்கொள் என்றால், "இதுவும் மசாலாதான் லா" என்பாய்.

தாளில் பதினேழு பெயர்கள். ஒன்பதாவது உன்னுடையது.

உன் பெயரை இந்த மடலில் எழுதப் போவதில்லை. எழுதக் கூடாத இடத்தில் ஒருமுறை எழுதிவிட்டேன்.

தெங்கேராவில் அந்தக் கடைவீட்டின் மாடி. ரத்தப் பரிசோதனைக்கூடம் என்று பலகையில் இருந்தாலும் லேப் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தை முடித்து ஓராண்டுகூட ஆகாத நான், மென்பொருள் எழுதும் ஒரு சிறு நிறுவனத்தின் ஆளாக அங்கே ஏறி வந்தேன். உள்ளே ஒரே ஒரு கணினி. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பத்தாண்டுப் பழைய நிரல். எழுதியவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதை இணையப் பக்கங்களாக மாற்ற வேண்டும். செங்கிலும் அலோர் காஜாவிலும் உள்ள கிளைகள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்காமல், தங்கள் பிரவுசரில் முடிவுகளைப் பார்க்க வேண்டும்.

நீ முகப்பு மேசையில் இருந்தாய். ஆறு ஆண்டுகளாக அந்தப் பச்சைத் திரையின் ஆள்.

"நீதான் அந்த யூனிவர்சிட்டியா?"

என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"பேரு இருக்கட்டும் லா. யூனிவர்சிட்டி, மொதல்ல சாப்ட்டியா?"

கடைசிவரை அதுதான் நீ எனக்கு வைத்த பெயர். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதுதான்.

வெப் என்றால் என்ன என்று கேட்டாய். தமிழில் வலை என்றேன். "மீன் புடிக்கவா?" என்றாய். நான் எழுதி வந்த விளக்கங்கள் எல்லாம் அதோடு முடிந்தன.

அந்த நிரலுக்குக் கையேடு இல்லை. நீதான் இருந்தாய். மறுபரிசோதனைப் பட்டியலை எப்படி எடுக்கிறாய் என்று கேட்டபோது உனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கேக்காத லா. கேட்டா வெரலு மறந்துரும். பாரு." பார்த்தேன். எஃப் நான்கு இரண்டு தடவை, கீழ் அம்பு மூன்று தடவை, எஸ்கேப், மறுபடி எஃப் நான்கு. மூன்று மாதம் உன் விரல்களைப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒரு நிரலைப் படிக்கிறேன் என்று நினைத்தேன். உன்னைப் படித்திருக்கிறேன்.

புதிய படிவம் தயாரானதும் சோதிக்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. நான் ஏதோ நாலெழுத்துப் பெயரைத் தட்டப் போனேன். நீ என் கையை நகர்த்தினாய்.

"என் பேரப் போடு. அது உள்ள போயிருச்சின்னா யாரு பேரும் போயிரும்."

சரிதான். நீளமான பெயர். நடுவில் அந்த ஏ/பி. இன்னாரின் மகள் என்று சொல்கிற இரண்டு எழுத்தும் ஒரு சாய்கோடும். அதற்குப் பிறகு உன் அப்பாவின் பெயர், உன் பெயரைவிட நீளம். பழைய நிரல் இருபத்தைந்து எழுத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. உன் அப்பா எப்போதும் பாதியில் அறுந்து நின்றார்.

தட்டினாய். அனுப்பினாய். அடுத்த பக்கத்தில் உன் பெயர் மட்டும் வந்தது. வலைப்பக்க முகவரியில் சாய்கோடு என்பது பாதை பிரியும் இடம். என் நிரல் உன் பெயரையும் ஒரு முகவரி என்று எண்ணிக்கொண்டு, அந்தக் கோட்டில் வெட்டிவிட்டது.

"என்னா யூனிவர்சிட்டி. அந்த மெஷின்ல பாதி அப்பா இருந்தாரு. உன் வலையில அப்பாவே காணோம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நீ பள்ளியில் மூன்றாம் பாரத்தில் படிக்கும்போதே அவர் இறந்துவிட்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் பெயர் முழுதாக வந்தது. மகள், கோடு, அப்பா, கடைசி எழுத்து வரை. நீ உடனே அச்சடித்தாய். கிழித்த ஓரத்தைக்கூடச் சீராக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனாய். மறுநாள் வந்து, "அம்மா செவுத்துல ஒட்டிட்டாங்க" என்றாய். அன்று நீதான் சாப்பாடு வாங்கித் தந்தாய்.

அதன்பின் எது மாற்றினாலும் உன் பெயரால்தான் சோதித்தோம். ஒவ்வொரு முறையும் அடையாள அட்டைக்கு நீ ஒரு பொய் ஐ.சி. எண்ணைப் போட்டாய். பெயர் மட்டும் ஒன்றே. சர்க்கரை கூடியவளாக, ரத்தம் குறைந்தவளாக, கல்லீரல் கெட்டவளாக. பதினான்கு பதிவுகள்.

எல்லாம் மறுபரிசோதனைப் பட்டியலில் வந்தன. முடிவு மிக மோசமாக இருந்தால் லேப் மருத்துவரே போன் செய்வார். கொஞ்சம் சந்தேகமாக இருந்தால் இந்தப் பட்டியல். திங்கள்தோறும் நீ அதை அச்சடித்து, ஒவ்வொருவரையும் அழைத்து, மறுபடி வரச் சொல்வாய். அழைத்து முடித்துக் கணினியில் குறிக்கும்வரை பெயர் வாராவாரம் வந்துகொண்டே இருக்கும்.

புதிய நிரலைத் தொடங்குவதற்கு முதல் நாள் பட்டியலைத் தூக்கிக் காட்டினாய்.

"ஏய், இது என்னா? எனக்கு நானே எத்தன வாட்டி போன் போடுறது?"

பதிவுகளை முறையாக அழித்திருக்க வேண்டும். அவை மற்ற அட்டவணைகளோடு பின்னிக்கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து அழிக்க ஒரு மணி நேரம் ஆகும். மறுநாள் செய்யலாம் என்று நினைத்தேன். இப்போதைக்கு ஒரு வரி போதும். ஐ.சி. எண்கள் பதினான்கும் வேறு வேறு. பொதுவாக இருந்தது பெயர்தான்.

நீ கறிபாப்பைத் தின்று முடிப்பதற்குள் எழுதிவிட்டேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: பெயர் இதுவானால் தாண்டிப் போ.

பட்டியல் சுத்தமாக வந்தது. "ஆ, இப்ப நான் செத்தேன்" என்றாய். சிரித்தோம்.

நான் சிரித்தேன்.

மறுநாள் நான் அழிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எங்கள் நிறுவனம் என்னை வேறு வேலைக்கு அனுப்பியது. ஆனாலும் வாரம் ஒருமுறை தெங்கேராவுக்கு வந்துகொண்டிருந்தேன். நிரலைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு, உன்னைப் பார்க்க.

நீ அழைக்கும் குரல் காதில் இருக்கிறது. மலாய்ப் பெண்களுக்கு மக்சிக், மற்றவர்களுக்கு அங்கிள், அண்ணே, அக்கா, ஆளுக்கேற்ற மொழி. பயந்து தாங்களாகவே அழைத்துக் கேட்பவர்களுக்கு உன்னிடம் ஒரே பதில். "கூப்பிடலன்னா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம், அக்கா. ஏதும் இருந்தா நாங்களே கூப்பிடுவோம்."

ஊழியர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவசப் பரிசோதனை உண்டு. தீபாவளிக்கு முந்தைய மாதம் நீயும் கையை நீட்டினாய். ரத்தம் எடுத்த குழாயில் பெயர் இராது, எண் மட்டும்; அது உன்னுடையது என்று சோதிப்பவருக்குத் தெரியாது. வெள்ளணுக்கள் கொஞ்சம் கூடுதல். மருத்துவரே போன் செய்யும் அளவுக்கு இல்லை. இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை என்று குறிப்பு. உன் உண்மையான ஐ.சி. எண். பதினைந்தாவது பதிவு.

எண்ணிப் பார்த்துவிட்டேன். பதினாறு திங்கட்கிழமைகள். பதினாறு தடவை நீயே அந்தப் பட்டியலை அச்சடித்தாய். மற்ற எல்லாரையும் அழைத்தாய்.

உன் முன்கையில் நீலம் பாய்ந்திருந்ததை நான் பார்த்தேன். "பஸ்ல கம்பியில இடிச்சேன் லா." அடுத்த வாரம் இன்னொரு இடத்தில். ரத்தம் எடுத்துப் பாரேன் என்று நான் சொன்னேன். சொன்னேன்.

"இப்பதான் லா எடுத்தேன். யாரும் கூப்பிடலியே."

பொங்கலுக்கு முன் ஆஸ்பத்திரி, ரத்தப் புற்றுநோய். தைப்பூசத்துக்கு முன் நீ இல்லை.

இந்த மாதம் என்னை மறுபடி லேப்புக்கு அனுப்பினார்கள். இரண்டாயிரம் ஆண்டு வரப்போகிறது. பழைய நிரலிலிருந்து அப்படியே கொண்டுவந்த இரண்டிலக்க ஆண்டுகளை நான்காக்க வேண்டும். உன் நாற்காலியில் இப்போது வேறொரு பெண். நல்ல பெண். நான் நிரலைத் திறந்து தேதிகளைத் தேடிக்கொண்டு போனேன். தேதிக்கு நான்கு வரி மேலே உன் பெயர் இருந்தது. என் எழுத்து.

முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. எதிர்பாராத தெருவில் உன்னைப் பார்த்துவிட்ட மாதிரி. அப்புறம் அந்த வரி என்ன செய்யும் என்று வாசித்தேன்.

பதிவுகளைத் தேடினேன். பதினான்கு என்று தெரியும். பதினைந்து வந்தன.

அது வெள்ளிக்கிழமை. வரியை எடுத்தேன். பதினான்கையும் ஒவ்வொன்றாகப் பிரித்து அழித்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாற்பது நிமிடம். பதினைந்தாவதில் கை வைக்க முடியவில்லை. அது நீ. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்து என்ன நடக்கும் என்று அப்போதும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை நிரல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அந்தப் பெண்ணும் செய்தாள். அவள் வருவதற்கு முன்பே நீ போய்விட்டாய். உன் பெயர் அவளுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். இந்தத் தாளில் ஒன்பதாவது வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரிக்குறி. பேசியாயிற்று என்று அர்த்தம்.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகத்தான் பேசுவார்.

"பிள்ளை, அந்த வருத்தத்துக்கு ரெண்டு கிழமை என்ன, நாலு மாதம் என்ன. இப்ப போய்ச் சொன்னா அந்தத் தாய்க்கு என்ன கிடைக்கப் போகுது? நீர் உம்மட மனப்பாரத்தை அவவிட்ட இறக்கப் பாக்கிறீர்."

கிழமை என்றால் அவர் பேச்சில் வாரம், வருத்தம் என்றால் நோய். எனக்கு அது நோயாகக் கேட்கவில்லை.

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். நான்கு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் நீ இருந்திருப்பாய் என்று யாரும் எனக்கு எழுதித் தரமாட்டார்கள். இருந்திருக்க மாட்டாய் என்றும் எழுதித் தரமாட்டார்கள். என் பாரத்தைத்தான் இறக்கப் பார்க்கிறேனோ. மூன்று நாள் இதையே சுற்றி வந்தேன். உன்னிடம் கேட்டால் "போ லா யூனிவர்சிட்டி, நாந்தான எடுக்கச் சொன்னேன்" என்பாய். தெரியும். அதனால்தான் உன்னிடம் கேட்கவில்லை.

ஆனால் கேட்டது உன் அம்மா. இப்ப எதுக்கும்மா கூப்பிடுறாங்க. அதற்கு விடை தெரிந்தவள் நான் ஒருத்திதான். யாரோ புதுப் பெண், ஏதோ தவறு என்று சொல்லி முடித்துவிடலாம். அதுவும் ஒரு வரிதான். தாண்டிப் போகிற வரி.

இப்போதும் எந்தப் படிவம் எழுதினாலும் முதலில் உன் பெயரைத்தான் தட்டுகிறேன். கோடு உடையாமல் போகிறதா, அப்பா முழுதாக வருகிறாரா என்று பார்க்கிறேன். பார்த்தவுடன் அழிக்கிறேன். அப்போதே, கையால்.

இதுவரை வியாழக்கிழமை எழுதியது. மிச்சம் சனிக்கிழமை, திரும்பி வந்தபின்.

அலோர் காஜாவில் பஸ் மாறி, ரெம்பியாவில் இறங்கி நடந்தேன். உன் அம்மா பாலில்லாத தேநீர், தே ஓ, கலக்கி வைத்திருந்தார். சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்த முதல் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. பழுப்பேறிவிட்டது. மறுபடி வரச் சொல்லும் பட்டியல், தாமதமாக வந்தது என்று சொல்லி, நான் கொண்டுபோனதை நீட்டினேன். ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது.

"இதுல அவ எதும்மா?"

ஒன்பதாவது வரியில் விரல் வைத்தேன். அவர் எழுந்து, தாளைச் சுவரிலிருந்ததன் பக்கத்தில் பிடித்து, விரலால் இரண்டையும் அளந்தார்.

"அவ அப்பா பேரு முழுசா வந்திருக்கா?"

"வந்திருக்கும்மா."

"இது எப்ப வந்திருக்கணும்?"

போன தீபாவளிக்கு முந்தின மாதம் என்றேன். தே ஓ ஆறிக்கொண்டிருந்தது. அந்த வரியைத் தமிழில் சொன்னேன். எழுதியது நான் என்று சொன்னேன். அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னொரு தடவை சொல்லு என்றார்.

இன்னொரு தடவை சொன்னேன்.