நான் காணாத மூன்றாவது ஆள்

அன்பு அண்ணா,

முதலில் என்னை மன்னித்துக்கொள். நீ உயிரோடு இருந்தபோது நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு எதற்குக் கடிதம்? இப்போது எழுதுவதும் பலர் பார்க்கும்படியாக. கூச்சமாக இருக்கிறது. உன் திவசத்துக்கு அம்மா வருடா வருடம் பேப்பரில் நாலு வரி போடுவிப்பா. உன் படம், தோற்றம், மறைவு, கீழே வீடு இருண்டுபோனதாக ஏதாவது ஒரு பாட்டு. இந்த முறை, "நீதானே படிச்சனி, நீயே எழுது" என்றா. உட்கார்ந்தேன். நாலு வரியில் அடங்கவில்லை.

இரண்டு வயதுதான் மூத்தவன் என்று உன்னை எப்போதும் நீ என்றே சொன்னேன். அம்மா அதற்கு ஏசினால் நீ சிரிப்பாய். நீ பத்தொன்பதில் நின்றுவிட்டாய். எனக்கு இப்போது இருபத்தாறு. அம்மா உன்னைப் பற்றிக் கதைக்கும்போது, இன்னும் மீசை சரியாக வராத ஒரு பொடியனைத்தான் நினைக்கிறேன்.

நாங்கள் இப்போது வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறோம். கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி போனால் யன்னல் ஆடும். வந்த புதிதில் அம்மா ஷெல் என்று பயந்து கட்டிலுக்குக் கீழே பார்ப்பா. இப்போது கோச்சி பிந்தினால், "ஏன் இன்னும் காணேல்லை" என்கிறா. நான் பட்டம் எடுத்துவிட்டேன். ஊரில் எங்கள் பக்கமான குளத்தடியில் பட்டம் எடுத்த முதல் ஆள். கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். காலையில் புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வழியில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். பிறந்த இடத்தைப் பார்த்ததும் ஏன் கொழும்புக்கு வந்தாய் என்று கேட்பார்கள். அதற்குச் சிங்களத்தில் ஒரு பதில் பாடமாக்கி வைத்திருக்கிறேன். ஒரு சொல் மாறாமல் தினமும் சொல்வேன்.

பாடமாக்குவது எனக்கு எப்போதும் வரும். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

உனக்குத் தெரிந்த கதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. பொறுத்துக்கொள். நம் ஊரில் இரண்டு பக்கம். நாங்கள் குளத்தடி, அவர்கள் ரோட்டுக்கரை. கோயில், வாசிகசாலை, கைப்பந்து என்று எதிலும் ஒத்துப்போகாதவர்கள். சண்டை நடந்த வருடங்களில் ஊரே நிவாரண அரிசியில் இருந்தது. அது கொடுக்கிற சங்கக்கடை எங்கள் பக்கம் இருந்தது. மழைக்குக் குளக்கட்டால் லொறி வர முடியவில்லை என்று மனேஜர் தங்கராசா கடையை ரோட்டுக்கரைக்கு மாற்றினார். அவர் ரோட்டுக்கரை ஆள். அவர்களுடைய பக்கத்துக்கு அவர் வைத்ததுதான் சட்டம். உண்மையில் லொறி புதைந்ததை நானும் கண்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் லொறியைப் பற்றிக் கதைக்கவில்லை. "எங்களைத் தங்கட வாசல்ல வந்து நிக்க வைக்கிறாங்கள்" என்பதுதான் கதை.

கியூவில் தள்ளுமுள்ளு. பிறகு அடிதடி. பிறகு இருட்டுப்படுகிற ஒரு மைம்மல் பொழுதில், குளக்கட்டுச் சந்தியில், ரோட்டுக்கரைக் குணமும் அவன் தம்பி ரூபனும் உன்னை வெட்டினார்கள். நான் ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். அறுபது அடி தூரத்தில் நின்று கண்டேன். இரண்டு பேர். மூன்றாவது ஆள் அங்கே இல்லை.

அடுத்த நாள் காலை நம் வீட்டு முற்றத்துப் பந்தலின் கீழே சித்தப்பாவும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நாலைந்து பேரும் கதிரைகளை நெருக்கிப் போட்டு இருந்தார்கள். உன்னை இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து தரவில்லை. பொலிஸ் என் வாக்குமூலத்துக்குக் காத்திருந்தது.

"ரெண்டும் பொடியள். பொடியள் உள்ளுக்குப் போனா ரோட்டுக்கரைக்கு என்ன குறையப் போகுது?" என்றார் ஒருவர்.

"மனேஜரின்ர பேர் இல்லாத கேஸ் ஒரு கேஸே?" என்றார் சித்தப்பா.

இது நம் ஊருக்குப் புதிதல்ல என்று உனக்குத் தெரியும். எந்த அடிதடியிலும் அடித்தவனின் பெயரோடு அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவரின் பெயரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அவர்களும் எங்களுக்கு அப்படித்தான் செய்வார்கள். பெரியவர் ஒரு கிழமை உள்ளே இருப்பார், நீதவான் பிணை கொடுப்பார், பிறகு இரண்டு பக்கமும் சமாதானமாகி வழக்கு கரைந்துபோகும். சித்தப்பாவே இரண்டு முறை அப்படி உள்ளே போய் மாலையோடு வெளியே வந்தவர். இது கொலை வழக்கு, இது கரையாது என்று அந்தப் பந்தலில் ஒருவரும் யோசிக்கவில்லை.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, மனேஜர் பின்னால நிண்டு 'விடாதை, வெட்டு' எண்டவர். நீ கண்டனி. எங்க, சொல்லு பாப்பம்."

சொன்னேன்.

"இன்னொருக்கா."

சொன்னேன்.

"கெட்டிக்காரி," என்று தலையைத் தடவினார்.

அப்போது பதினேழு வயது, பெரியவர்கள் சொன்னார்கள் என்று நான் தப்பிக்கலாம். முடியாது அண்ணா. வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு முழு நாள் குறுக்குக் கேள்வி கேட்டார். வகுப்பில் எழும்பி நின்று பேர் சொல்லவே நாக்குக் குழறுகிற நான் அன்று ஒரு சொல் தடுமாறவில்லை. மூன்று பேருக்கும் மரண தண்டனை. தூக்கில் போடுவதில்லை, ஆயுள் முழுக்க உள்ளேதான் என்று ஆறுதல் சொன்னார்கள். குளத்தடியில் வெடி கொளுத்தினார்களாம். நான் விடுதிக்குத் திரும்பி மறுநாள் பரீட்சை எழுதினேன். நல்ல புள்ளி வந்தது.

போன மாதம் அச்சகத்துக்கு ஒரு பெண் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அடிக்க வந்தாள். நாம் ஊரில் கல்வெட்டு என்போமே, அதுதான். தாயின் வாழ்க்கைக் குறிப்பைக் கொப்பித் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். முதல் வரியில் நம் ஊரின் பெயர். நிமிர்ந்து பார்த்தேன். மனேஜரின் மகள் சுமதி. அவளும் என்னைப் பார்த்தாள்.

"சுதனின்ர தங்கச்சி எல்லோ?"

"ஓம்."

"இங்க என்ன வேலை?"

"எழுத்துப் பிழை பாக்கிறது."

"நல்ல வேலை," என்றாள். "அண்டைக்குக் கோட்டில சொன்னதையும் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. அதில ஒரு பேர் பிழையாக் கிடக்கு."

உள்ளேயிருந்து முதலாளி, "என்ன பிழையாம், கௌரி?" என்று சத்தம் போட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன். சுமதி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கொப்பித் தாளில் ஒரு இடத்தைக் காட்டினாள். "அப்பாவின்ர பேருக்கு முன்னால என்ன போடுறது? முன்னாள் மனேஜர் எண்டு போடவோ? சும்மா தங்கராசா எண்டு விடவோ?"

"மனேஜர் எண்டே போடலாம்" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"அம்மாவின்ர செத்தவீட்டுக்கு அப்பாவை விடேல்லை. பிறகு மறியலுக்குப் போய்ப் பாக்கேக்க ஒண்டுதான் கேட்டவர். குளத்தடியில இருந்து ஆரும் வந்தவையோ எண்டு." கைப்பையை மூடினாள். "வாற கிழமை புதுக்கடைக் கோட்டில அப்பாவின்ர அப்பீல். விருப்பமெண்டா வந்து பாருங்கோ."

அவளுடைய தாயின் வாழ்க்கையை அன்று முழுக்க வாசித்தேன். மூன்று பக்கம். கணவனைப் பார்க்கப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கோச்சி ஏறி வந்ததும், ஆமியின் பயணப் பாஸ் கிடைக்காத மாதங்களில் முகாம் வாசலில் நின்று அழுததும் எழுதியிருந்தது. ஓரிடத்தில் 'அயராது' என்பதில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்தினேன். என்னால் திருத்த முடிந்தது அவ்வளவுதான்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அப்பீலுக்குப் போனேன். கோட்டின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன். எல்லாம் இங்கிலீசில். என் சொற்களை அரச சட்டத்தரணி இங்கிலீசில் வாசித்தபோது வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது. இந்தச் சாட்சியைத் தாராளமாக நம்பலாம் என்றார். பொலிசில், நீதவானிடம், மேல் நீதிமன்றத்தில் என்று மூன்று இடத்திலும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்கிறாள், பொய் சொல்கிறவர்களால் அது முடியாது என்றார். மனேஜர் கூண்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. குணமும் ரூபனும் நிலத்தைப் பார்த்தார்கள். விசாரணை முடியவில்லை, வேறு தவணை போட்டார்கள்.

படியில் இறங்கிக்கொண்டிருந்த மனேஜரின் சட்டத்தரணியின் பின்னால் ஓடினேன். வயதான மனிதர். நான் யார் என்று சொன்னதும் கோப்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த நாள் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கோப்பை மூடினார்.

"பிள்ளை, அண்டைக்குச் சொன்னது பொய் எண்டு நீர் சத்தியக் கடதாசி முடிச்சுத் தந்தால் நான் கோட்டுக்குக் குடுப்பன். எடுப்பினமோ தெரியாது. எடுத்தால், மற்ற ரெண்டு பேரைப் பற்றி நீர் சொன்னதையும் நம்பாமல் விடலாம். மூண்டு பேரும் வெளியில வரலாம். பொய்ச்சாட்சி எண்டு உம்மில வழக்கும் வரலாம். விளங்குதோ?"

"ஓம், சேர்."

"வீட்டில கதைச்சுப்போட்டு வாரும்."

கதைத்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. நிமிரவில்லை.

"அவன் வெட்டேல்லைத்தான். ஆனா நிப்பாட்டியிருக்கலாம்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமே, அம்மா?"

"ஊரில ஆருக்கடி தெரியாது?" கீரைக் காம்பை ஒடித்தா. "தெரியாத ஆள் அந்த ஜட்ஜ் மட்டும்தான்."

பிறகு அழுதா. "என்ர பிள்ளையைக் கொண்டவங்கள் ரோட்டால சைக்கிள் ஓடித் திரிய, நான் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?" என்றா. ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு நான் கழுவப் போனேன். உன்னிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

சித்தப்பா இப்போது ஜேர்மனியில். விசயம் கேள்விப்பட்டு, சந்தியில் உள்ள கொமியூனிகேசன் கடைக்குப் போன் எடுத்து என்னைக் கூப்பிட்டார். "படிக்க விட்டது எங்கட பிழை," என்றார். "அண்ணன்ர ரத்தம் காயேல்லை, நீ அவங்களுக்குக் கதவு திறக்கிறியோ?"

"சித்தப்பா, நீங்கள் வந்து சொல்லுங்கோவன், அது நீங்கள் சொல்லித் தந்தது எண்டு."

பெரியவர் ஒருவரை நான் எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. அவர் போனை வைத்துவிட்டார். நான் போனைப் பிடித்தபடியே நின்றேன். வரிசையில் நின்ற ஒரு மனுசி, "இருங்கோ தங்கச்சி" என்று கதிரையைத் தள்ளித் தந்தா.

மனேஜர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. குணத்தையும் ரூபனையும் அவர்தான் ஏவிவிட்டாரோ, எனக்குத் தெரியாது. நான் அவரை அங்கே காணவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதை மட்டும்தான் நான் அன்று சொல்லியிருக்க வேண்டும். உன்னைக் கொன்ற இருவரும் வெளியே வந்தால் அதற்கும் நான்தான் காரணம் அண்ணா, அவர்களோ மனேஜரோ அல்ல. உண்மையோடு ஒரு பொய்யைக் கட்டிக் கொடுத்தேன். இப்போது பொய்யை அவிழ்க்கப்போனால் உண்மையும் கையைவிட்டுப் போகிறது.

திங்கட்கிழமை கையெழுத்து வைக்கிறேன். இனி எந்தக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் கண்டதைத் தவிர வேறு சொல்லமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. மறியலுக்குப் போக வந்தால் போவேன். இதைப் பேப்பருக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன், கடைசி வரி வரை.

கடைசியில் இருப்பதைத்தான் எழுத முடியாமல் இவ்வளவு நேரம் சுற்றினேன். சட்டத்தரணி எழுதி முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "வேற ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். வெள்ளவத்தை வரும்வரை பஸ்ஸில் அந்த 'இல்லை'யோடுதான் நின்றேன்.

அன்று உன் கையில் மண்வெட்டிப் பிடி இருந்தது, அண்ணா. சந்தியில் அவர்களை மறித்தது நீ. முதல் அடி நீ ரூபனின் தலையில் அடித்தது. அவன் விழுந்த பிறகுதான் குணம் கத்தியை எடுத்தான், ரூபன் எழும்பி வந்து சேர்ந்துகொண்டான். ஆட்கள் ஓடிவரும் முன் அந்தப் பிடியை எடுத்து வந்து அடுப்பில் வைத்தவள் நான். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சித்தப்பாவுக்கும் தெரியாது. மூன்று இடத்திலும், குறுக்குக் கேள்வியிலும், வெறுங்கை என்று சொன்னேன், அம்மா வருடா வருடம் பேப்பரில் போடுகிற படத்தில் இருக்கிறாயே, அந்த மாதிரி.

உன் பெயரைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. இப்போது அதைக் காப்பாற்ற முடியாமலும் இருக்கிறது. மறுத்துச் சொல்ல நீ இல்லை. அதனால்தான் கேட்கிறேன். திங்கட்கிழமை அதையும் எழுதச் சொல்லப் போகிறேன். என்னைச் சொல்ல விடு.

உன் பின்னால் பிறந்த,
தங்கச்சி கௌரி