வண்டி கிளம்பாத காரணம்

ஏங்க,

உங்களுக்கு இன்னைக்கு லீவுதானேன்னு வண்டியை எடுக்கப் போனேன். ஸ்டார்ட் ஆகல. பஸ்ல போறேன். நாலு நாளா முகம் கொடுத்துப் பேசாத மனுஷனை எழுப்பி என்னன்னு கேக்குறது?

நீங்க சொல்லிக்கொடுத்ததெல்லாம் செஞ்சு பார்த்தேன். இஞ்சின் சூடாகுறதைக் காட்டுற காயில் லைட் அணையிற வரைக்கும் பொறுத்துத்தான் சாவியைத் திருப்பினேன். டிக் டிக்னு சத்தம் மட்டும் வந்துச்சு. டீசல் லைன்ல காத்து பிடிச்சிருக்கும்னு, ஃபில்டர் மேல இருக்கிற பம்ப்பைக் கை வலிக்க அமுக்கினேன். கையெல்லாம் டீசல் நாத்தம்தான் மிச்சம்.

எதிர் ஷெட் மெக்கானிக் வந்து பார்த்தார். "டீசல்ல ஒண்ணுமில்லக்கா. பேட்டரி சுத்தமா இறங்கிருச்சு. இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு தினமும் மணிக்கணக்கா உள்ள உக்காந்து ரேடியோ கேட்டா எப்படித் தாங்கும்? ஷெட் வரைக்கும் பாட்டு கேக்குதே"னு என்னைப் பிடிச்சுத் திட்டுறார். நான் எங்கே கேட்டேன்?

ஆறு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டதும் டீ போடுவேன். நீங்க படியேறி வர ஏழரை ஆகும். நிறுத்த இடம் கிடைக்கலைம்பீங்க. நானும் நம்பி, ஆறின டீயை மறுபடி சுட வெச்சுத் தருவேன்.

பேட்டரி சார்ஜுக்குப் போயிருக்கு. நாலு மணிக்குக் கொண்டு வந்து மாட்டுவார். சாவி ஃப்ரிட்ஜ் மேல. சோறு மூடி வெச்சிருக்கேன், சாப்பிடுங்க.

சண்டைக்கு எழுதலை. கீழே நீங்க ஒண்டியா, மேலே நான் ஒண்டியா இருந்திருக்கோம். அவ்வளவுதான்.

பி.கு.: நாளையிலேருந்து டீயைக் கீழேயே கொண்டு வரேன். பக்கத்து சீட்டுல கிடக்கிற பழைய பேப்பரை மட்டும் எடுத்து வையுங்க.