நீ படிப்பை மாற்றியதை மாமா சொல்லித் தெரிந்துகொண்டேன்

புந்தோங், ஈப்போ.

அன்பு மகள் ஷர்மினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. நீ கோத்தா கினபாலுவில் சுகமாக இருக்கிறாய் என்று உன் மகேந்திரன் மாமா வந்து சொன்னார். பெற்றவளுக்கு இப்போதெல்லாம் அப்படித்தான் தெரியவேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகேந்திரன் அண்ணன் கையில் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலையோடு வந்தார். உன் படிப்பால் எங்களுக்குள் பேச்சு நின்ற பிறகு அவர் நம் வாசலை மிதித்தது அன்றுதான். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, ஓடிப்போய்த் தேநீர் கலக்கினேன். அவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "நான் அப்பவே சொன்னேன்லா சரளா, வெறும் கணக்கைப் படிச்சிட்டு என்ன செய்றது? இப்ப ஆக்சுவேரின்னு இன்சூரன்ஸ் கணக்குக்கு மாறிட்டால்ல, இனி காப்புறுதிக் கம்பெனிக்காரனே கூப்பிட்டு வேலை குடுப்பான். நீயும் சரின்னுட்டியாம், ரொம்ப நாளா என்கிட்ட யோசனை கேட்டுட்டிருந்த பிள்ளையே சொன்னா, அதான் வந்தேன்" என்று சிரித்தார். எனக்கு அதுவரை எதுவும் தெரியாது. ஆனாலும் அவர் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "ஆமாண்ணே, என்கிட்ட கேட்டுட்டுதான் செஞ்சா" என்று பொய் சொன்னேன். அவர் போனதும் அப்பாவைக் கேட்டால், அவர் என் முகத்தைப் பார்க்காமல், "இப்ப சொல்ல வேணாம்னு பிள்ளைதான் சொல்லிச்சு லா" என்கிறார். ஆக, தெரியாதவள் நான் ஒருத்திதான்.

அந்தத் தூய கணிதம் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எஸ்.டி.பி.எம். பரீட்சை முடிவு வந்த அன்று அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இதுதாம்மா வேணும், நீங்களாவது என் பக்கம் நில்லுங்க" என்றாயே, அது மட்டும் தெரியும். அதற்காகத்தான் அண்ணன் வீட்டில் அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் அவரை எதிர்த்துப் பேசிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து வந்தேன். தாப்பாவில் அவர் மகள் குமுதா கல்யாணத்துக்கும் போகவில்லை. நான் வீட்டில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாளிலும் நீ அவரிடம் யோசனை கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறாய்? படிப்பு கஷ்டமாக இருந்ததா, பிடிக்காமல் போனதா, வேலை கிடைக்காது என்ற பயமா, எதுவாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றிருக்க மாட்டேன். உன் பக்கம் என்னை நிற்கவைத்துவிட்டு நீ மட்டும் எழுந்து போய்விட்டாய், அதுதான் ஆறவில்லை.

நேற்று அண்ணனுக்கு போன் செய்து, "நான் சொன்னது பொய்ண்ணே, எனக்கு ஒன்னும் தெரியாது" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். ஆனால் "அப்ப என்னையும் ஏமாத்திட்டாளா" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

எதைப் படித்தாலும் நன்றாகப் படி, என் ஆசீர்வாதம் அதற்கு உண்டு, முருகன் துணை இருப்பான். அங்கே மழை என்றார்கள், ஈரத் தலையோடு படுக்காதே. கடிதம் கிடைத்ததும் அப்பாவின் போனுக்கு அடிக்காதே, என்னுடையதற்கு அடி. கணிதத்தை ஏன் விட்டாய் என்று உன் வாயால் எனக்குச் சொல். புரியாவிட்டாலும் கேட்பேன்.

உன் அம்மா,
சரளா சுகுமாரன்