கள்ளும் அந்தக் குளிசையும்

அன்புள்ள அப்பாவுக்கு,

கால் எரிவு குறைந்திருக்கிறதா? நாரந்தனையில் வெயில் கடுமையாம். நான் சுகம். போனில் சொன்னால் சிரித்து மழுப்புவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நோர்வேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு ஐயாவுக்கும் உங்களைப் போல நரம்பு வலிக் குளிசைதான். பிறந்தநாளன்று அதைப் போட்டுவிட்டு வைன் குடித்தார். பின்னேரம் தேத்தண்ணியோடு போனேன், எழுப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது சுகம், பகிடியும் விடுகிறார்.

"குடிக்கிறனீங்களோ?" என்று டொக்டர் கேட்க, "இல்லை" என்றீர்களாம். அம்மா சொன்னா. கள்ளு குடியில்லை, உடம்புக்குக் குளிர்ச்சி என்பீர்கள். அதுவும் குடிதான் அப்பா. குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்; டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் கொஞ்சம் ஒடியல் மா அனுப்பச் சொல்லுங்கள். கூழ் காய்ச்சினால் கூட இருந்து குடிக்க இங்கே ஆளில்லைதான். பின்னேரத்தில் நீங்கள் படுத்திருந்தால் தட்டி எழுப்பிப் பார்க்கவும் சொல்லுங்கள்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அப்பா, அந்த ஐயா சுகமாகிவிட்டார் என்று எழுதியது பொய். அவருடைய கட்டிலுக்கு இன்று நான்தான் புது விரிப்புப் போட்டேன்.

உங்கள் மகள்
கஜாலினி