பீரோவுக்குள் இருந்த மல்டி டூல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா? தூங்குவதே இல்லை, மாமாவின் விரலை நினைத்து அழுகிறாய் என்று அம்மா சொன்னாள். நான் அனுப்பிய சாமானால்தானே இப்படி ஆனது என்றாயாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மாமாவின் விரலை வெட்டியது நீ அனுப்பியது இல்லை. நீ அனுப்பியது அன்று பீரோவுக்குள், அம்மாவின் சேலைகளுக்கு அடியில், வந்த உறையோடு பத்திரமாக இருந்தது.

கோபப்படாமல் முழுவதும் படி. குறடு, கத்தி, திருப்புளி, கத்தரி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கிய அந்த மல்டி டூலை நீ போன வருஷம் அனுப்பியபோது, விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு இது எதற்கு என்று உன்னிடம் கத்தினேன். ஆனால் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வரவில்லை. இதைப் போய் கிரீஸில் புரட்டுவதா, லிஃப்ட் குழிக்குள் விழுந்தால் என்ன செய்வது என்று பூட்டி வைத்துவிட்டு, கடைத்தெருவில் அதே மாதிரி ஒன்றைப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டேன். நீ போனில் கேட்கும்போதெல்லாம் நன்றாக உழைக்கிறது பாப்பா என்றேன். கூட வேலை செய்கிற உன் மாமாவிடமும் என் மகள் அனுப்பியது என்று பீற்றிக்கொண்டேன். பொய்யைச் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றவும் வேண்டியிருக்கிறது. விரித்த கத்தியை மடங்காமல் பிடிக்கிற லாக் அதில் கொஞ்சம் ஆடும், எனக்குத் தெரியும், பார்த்துப் பிடிப்பேன். அன்று மாமா கேட்டான், கொடுத்தேன், லாக் ஆடுகிறது என்று சொல்லவில்லை. சொன்னால் இவ்வளவு விலைச் சாமான் ஆடுகிறதா என்று கேட்பான் அல்லவா? கதவு ஓடுகிற தடத்தில் இறுகிக் கிடந்த அழுக்கை அவன் கத்தி முனையால் குத்தித் தள்ளினான். கத்தி மடங்கி விரலில் இறங்கிவிட்டது. நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், ஆள்காட்டி விரல் இன்னும் மடங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன், “உங்க பொண்ணு அனுப்புனதுன்னு நம்பித்தானே மச்சான் அழுத்துனேன்” என்றான். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மாமா போனில் உன்னைத் திட்டினான், நீ அழுது மன்னிப்புக் கேட்டாய் என்று தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று நீ அனுப்பியதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கத்தியைத் தட்டுத்தடுமாறி விரித்து, முனையை மேசையில் ஊன்றி அழுத்தினான். மடங்கவில்லை. ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு, “விரல் கெடக்கட்டும் மச்சான், புள்ளையை இல்ல திட்டிட்டேன்” என்றான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

இத்தனை விலைக்கு அது தகுமா அப்பா என்று முன்பு ஒரு தரம் கேட்டாயே, மழுப்பினேன். இப்போது சொல்கிறேன். கத்தரியும் மூடி திறப்பானும் வெறும் அலங்காரம். குறட்டுக்குப் பாதி விலை போதும், மலிவானதும் நன்றாகத்தான் பிடித்தது. அந்த லாக்குக்கு மட்டும் கேட்டதைக் கொடுக்கலாம். எடுத்துப் புழங்குகிறவனுக்குத்தான் அதுவும். என்னைப் போல் பூட்டி வைக்கிறவனுக்கு எந்த விலையும் தண்டம்.

உன் மேல் ஒரு குற்றமும் இல்லை அம்மா, தவறு முழுக்க என்னுடையது. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். மாமாவுக்கு ஒரு போன் பண்ணு. இடது கையால் எடுக்க அவனுக்கு நேரமாகும், மணி அடித்து ஓயும் வரை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா