ஆறு மணிக்கு ஹீட்டர்

மஸ்கட்,
அக்டோபர் 4

அன்புள்ள ட்ரெவர்,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். வகுப்பறை ஏசிதான் நடுக்குகிறது. என் சாம்பல் நிற ஸ்வெட்டரை அனுப்பிவை.

ஒன்று புரியவில்லை. நம் லீட்ஸ் வீட்டு ஹீட்டரைப் போட்டால் என் போனிலும் தெரியும் என்பதை மறந்துவிட்டாயா? ஐந்து நாளாக அங்கே மாலை ஆறு மணிக்கு ஓடுகிறது. அக்டோபர் கடைசியில் குளிர்காலத்துக்காக இங்கிலாந்தே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும்வரை, பதினெட்டு வருடமாக என்னை அதைத் தொடவிடாதவன் நீ. கெஞ்சினால், "குளிருதா? இன்னொரு ஸ்வெட்டர் மாட்டிக்க, செத்தா போயிடுவ?" என்பாய்.

உடன் வேலை பார்க்கும் ஹில்டாவிடம் சொன்னேன். "வேற எவளோ வந்துட்டாடி வீட்டுக்கு!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு உனக்குக் காய்ச்சலோ என்று பயந்தேன். இன்று பாடம் நடத்தும்போதுதான் உறைத்தது: ஆறு மணி, அங்கே இருந்தவரை நான் கல்லூரி விட்டு நம் வீட்டுக்குள் நுழையும் நேரம்.

அதுவும் சரிதானா, தெரியவில்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது. இல்லையென்றால் விளக்கம் வேண்டாம். ஹீட்டரை மட்டும் நிறுத்திவிடாதே. தினமும் போனில் பார்த்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன்
ஜூடித்