திரும்பிவிட்டார்

கரகோல்,
புதன்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போய் வருகிறேன்.

துர்தாகுன் பேராசிரியரைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? எனக்குக் கிர்கிஸ் மொழி கற்பித்தவர். ஓய்வுபெற்ற பின்பும் என் உச்சரிப்பை விடாமல் திருத்தியவர். குளிருக்காக மகன் வீட்டுக்குப் போயிருந்தார். போன வாரம் அவருடைய பழைய மாணவி பூருல் போன் செய்து, "எஜே, சார் திரும்பிட்டாரு" என்றாள். (இங்கே அக்காவை 'எஜே' என்றுதான் கூப்பிடுவார்கள்.)

"நல்லதாப் போச்சு. சாயங்காலம் டீக்கு வரச் சொல்லு. லேட்டா வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

"அந்தத் திரும்புறது இல்ல, எஜே."

இங்கே ஒருவர் இறந்தால் மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். எத்தனையோ சாவுகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்று மட்டும் மண்டையில் ஏறவில்லை.

துக்கக் கூடாரத்தில் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாய்விட்டு அழ வேண்டும். கான்வென்ட்டில் சத்தமில்லாமல் அழப் பழகிய எனக்குக் குரல் எழும்பவில்லை. நான் அவரை டீக்குக் கூப்பிட்ட கதை அதற்குள் பரவியிருந்தது. பக்கத்திலிருந்த கிழவி என் தொடையில் தட்டி, "இந்தச் சொல்லு கூடவா தெரியல? சார் உனக்கு முட்டை மார்க்தான் போட்டிருப்பாரு" என்றாள். சிரித்துவிட்டேன், அக்கா. சிரிப்பு எப்போது அழுகையானதென்று தெரியாது. ஊர் கேட்க அழுதேன்.

அடுத்த பார்சலில் கம்பளிக் காலுறை மட்டும் வை. முறுக்கு வேண்டாம். கடித்துத் தின்னப் பல் இருந்தது அவருக்குத்தான்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உன் தங்கை,
பிலோமினா